பத்தியம் எப்போது முடியும்?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 51 வயது, என் கணவருக்கு 56. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஏழு மாதங்களுக்கு முன் ஓர் இரவு பதினொரு மணிக்கு அவருக்கு நெஞ்சை அடைத்தது. வாய்வுதான் என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துவிட்டுப் படுத்தவரை, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்த பிறகு விடியற்காலை மூன்று மணிக்குத்தான் மதுரைக்குக் கொண்டு சென்றோம். மாரடைப்பு என்று சொல்லி ஒரு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

முதல் இரண்டு மாதங்கள் நான் கொடுத்ததை மறுபேச்சின்றிச் சாப்பிட்டார். பிறகு ஆரம்பித்துவிட்டார். நாள்தோறும் நான்கு மணிக்கு மண்டி வாசலில் தேநீருடன் இரண்டு வடை, ஞாயிற்றுக்கிழமை இரவானால் மகனுக்கு என்று சொல்லி எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கி வந்து அதில் பாதியைத் தானே தின்பது, வீட்டில் எங்கள் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொள்வது என்று நடக்கிறது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கினாலும், அவருக்கென்று தனியாகச் சமைப்பதில் நான் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை, உப்பும் பெயருக்குத்தான். சட்டைப் பையில் ஓட்டல் பில்லைப் பார்த்துவிட்டு, மண்டியில் வேலை பார்க்கும் பையனிடம் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று எனக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்துபோய்ப் பத்து நாட்களாக என்னோடு பேசவில்லை. “அடைப்பை எடுத்தாகிவிட்டது, இரண்டு மாதம் பத்தியமும் இருந்தாகிவிட்டது, இன்னும் எத்தனை நாளைக்கு வாயைக் கட்டுவது?” என்கிறார். தை மாதம் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். இரவில் எழுந்து அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பரோட்டாவைப் பற்றியும் வடையைப் பற்றியும் விரிவாக எழுதிய நீங்கள், இரவில் எழுந்து கணவரின் மூச்சைப் பார்ப்பதை மட்டும் ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கண் அந்த வரியில்தான் நின்றது. பகலில் நீங்கள் போடும் சண்டைக்கெல்லாம் காரணம் அந்த இரவு நேரத்துப் பயம். ஆனால் உங்கள் கணவருக்கு அந்தப் பயம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் சட்டைப் பையைச் சோதிக்கும் கையும் தட்டை அளக்கும் கண்ணும்தான். அவரும் பயந்துதான் இருப்பார் என்பது என் கணிப்பு. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது அழுகையாகத்தான் வெளிப்பட வேண்டும் என்பதில்லை. எரிச்சலாகவும், பேசாமல் இருப்பதாகவும், ‘இனி என்ன ஆனால் என்ன’ என்ற அலட்சியமாகவும்கூட வெளிப்படும். தூக்கம் குறைந்திருக்கிறதா, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் விட்டுப்போயிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பத்தியம் எப்போது முடியும் என்று அவர் கேட்பதில் அவருடைய பிழை எதுவும் இல்லை. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் பொருளே அதுதான். மஞ்சள் காமாலைக்குப் பத்தியம் இருப்போம், காமாலை இறங்கினால் முடிந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு போடுவோம், அதற்கும் நாள் கணக்கு உண்டு. நாட்டு மருந்து சாப்பிடுபவர் ஒரு மண்டலம் புளியையும் நல்லெண்ணெயையும் தள்ளிவைத்துவிட்டு, நாற்பத்தொன்பதாம் நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாக் கஞ்சியும் அவித்த காயும் வைத்தபோது அவர் மனம் அதைப் பத்தியம் என்றுதான் எடுத்துக்கொண்டது. இரண்டு மாதங்கள் ஒழுங்காக இருந்தார். தன் கணக்குப்படி முடித்தும்விட்டார். ஆகவே அந்தச் சொல்லையும் அந்தத் தனிப் பாத்திரத்தையும் சேர்த்தே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதல் யோசனை.

அடைப்பை எடுத்தாகிவிட்டது என்று அவர் சொல்வது மட்டும் சரியல்ல. ஸ்டென்ட் என்பது குறுகிப்போன ஓரிடத்தை விரித்து, மீண்டும் மூடிக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்து நிற்கும் சிறிய வலைக்குழாய்; அதற்கு வேறு வேலை இல்லை. குழாய்ச் சுவரில் கொழுப்பு படியும் போக்கு அந்த ஓரிடத்தோடு நிற்பதில்லை. அது மற்றக் குழாய்களிலும் நடந்துகொண்டுதான் இருக்கும். அதைத் தணித்து வைப்பவை மாத்திரையும் உணவும் நடையும், புகையிலை இல்லாத வாயும்தான். இதை நீங்கள் சொன்னால் நச்சரிப்பாகிவிடும். அடுத்த பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்து போய், அவரையே மருத்துவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். கணக்கு எழுதுகிறவர் அல்லவா, படத்தைக் காட்டி விளக்கினால் புரிந்துகொள்வார்.

மாத்திரைகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பது எனக்குச் சற்றுக் கவலையாக இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினுடன் இன்னொரு மாத்திரையும் சேர்த்து, பெரும்பாலும் ஓராண்டு வரை, கொடுப்பார்கள். வயிறு எரிகிறது என்றோ, பல் பிடுங்க வேண்டும் என்றோ அவற்றைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைக்கக்கூடும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் அப்படித்தான்: அளவு சரியாகிவிட்டது என்று ரத்தப் பரிசோதனையில் வந்தால் அது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்; நிறுத்திவிடலாம் என்பதற்கான அனுமதி அல்ல. அவர் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவராக இருந்தால், பரோட்டாவை இப்போதைக்கு மறந்துவிட்டு அதை நிறுத்துவதில் இருவரும் முழு மூச்சாக இறங்குங்கள். வேறு எந்த மாற்றமும் அதற்கு ஈடாகாது.

இனி அடுக்களை. இதைச் சொல்வதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் என்பது ஏறத்தாழ நான்கரை கிலோ. அதில் அவருக்கு ஒரு சொட்டும் இல்லையென்றால், நீங்களும் மகனும் தலைக்கு நாளொன்றுக்கு 75 கிராம் செலவழிக்கிறீர்கள் என்று ஆகிறது. பொரித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் அது அதிகம்தான். உட்கார்ந்து வேலை செய்பவருக்குச் சமையலில் ஊற்றும் எண்ணெய் ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் போதும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அப்படியானால் உங்கள் வீட்டில் இரண்டு சமையல் நடக்கிறது: ஒன்று நோயாளிக்குக்கூட ஒவ்வாத அளவு சப்பென்றது, மற்றொன்று நோயில்லாதவர்களுக்கும் ஆகாத அளவு எண்ணெய் மிதப்பது. அப்பனுக்கு மாரடைப்பு வந்த குடும்பத்தில் மகனுக்கு இந்த இரண்டாவது சமையலைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டையும் நிறுத்திவிட்டு, மூவருக்கும் ஒரே சட்டியில் ஒரே குழம்பு வையுங்கள். மாதம் ஐந்து லிட்டர் வாங்குவதை மூன்றாக்குங்கள். அடுத்த இரண்டு மாதங்களில் இரண்டரைக்கு வரப் பாருங்கள். வாங்கியது தீர்ந்தால் மறு பாக்கெட் அடுத்த மாதம்தான் என்று வைத்துக்கொண்டால் கை தானாகச் சுருங்கும்.

உப்புக்கும் இதே கணக்குதான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது. மூன்று பேர் மாதம் ஒரு கிலோ பாக்கெட்டைக் காலி செய்தால் தலைக்குப் 11 கிராம் ஆகிறது. இதில் அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றில் இருக்கும் உப்பு சேரவில்லை. ஒரே நாளில் பாதியாக்கினால் யாரும் சாப்பிட மாட்டார்கள். வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும், பிறகு பழைய அளவே கரிக்கும். மிளகு, எலுமிச்சை, கறிவேப்பிலை, பூண்டு, இஞ்சி இவற்றையெல்லாம் யாரும் உங்களுக்குத் தடைசெய்யவில்லை. மீன் குழம்பும் வைக்கலாம். மத்தியும் நெத்திலியும் இதயத்துக்கு நல்லவைதான், பொரிக்காமல் குழம்பில் போட்டால். சோற்றை ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் கீரையோ பொரியலோ பருப்போ வைத்தால் தட்டு நிறைந்தே இருக்கும். வெறுமையாக இருக்கும் தட்டுதான் மனிதனைக் கடைக்கு விரட்டுகிறது.

பரோட்டாவைவிட வடையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டா மாதத்துக்கு நான்கு முறை. வடையோ நாளுக்கு இரண்டு வீதம் மாதத்துக்கு ஐம்பதுக்கு மேல். அதுவும் பல கடைகளில் காலையில் காய்ந்த எண்ணெய் மாலை வரை அடுப்பிலேயே இருக்கும். கண்ணுக்கு உறுத்துவது பரோட்டா, கணக்கில் கனப்பது வடை. நான்கு மணிக்கு அவருக்குப் பசிப்பது உண்மை. காலையில் கஞ்சியும் மதியம் உப்பில்லாக் காயும் சாப்பிட்டவருக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? ஒரு டப்பாவில் தாளித்த சுண்டலோ அவித்த நிலக்கடலையோ கொடுத்தனுப்புங்கள், மண்டியில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இரண்டு கை கூடுதலாகவே வையுங்கள். பலர் நடுவில் தனக்கு மட்டும் நோயாளிச் சாப்பாடு என்று டப்பாவைத் திறப்பதற்கு ஆண்கள் கூச்சப்படுவார்கள். பகிர்ந்து தின்பதற்குக் கூச்சம் இருக்காது. பரோட்டாவைப் பொறுத்தவரை, மாதம் ஒரு முறை, எண்ணெயில் பொரித்ததற்குப் பதில் சாதாரணப் பரோட்டா ஒன்று, சால்னா குறைவாக, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து என்று ஓர் உடன்படிக்கைக்கு அவரே வந்தால் நான் மகிழ்வேன். விருதுநகர்க்காரரிடம் பரோட்டாவை ஆயுளுக்கும் விட்டுவிடு என்று சொல்வது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

மண்டிப் பையனிடம் தகவல் கேட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பத்து நாட்கள் அவர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் பரோட்டா அல்ல, தன்னைவிட முப்பது வயது இளைய ஒருவன் முன்னால் அவர் தலை குனிய நேர்ந்ததுதான். ‘எனக்குப் பயமாக இருந்தது, அதனால் அப்படிச் செய்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன்’ என்று சொன்னால் போதும். அதோடு ‘ஆனால் நீங்கள் மட்டும்’ என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். இரவில் எழுந்து மூச்சைப் பார்ப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும் நேரத்தில் மட்டும் இந்தப் பேச்சு வேண்டாம். மகள் திருமணத்தைச் சாட்டையாக எடுப்பதும் வேண்டாம். அதை நினைத்து அவர் ஏற்கெனவே எத்தனை இரவுகள் புரண்டு படுத்திருக்கிறாரோ.

என் தந்தையாருக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்தபோது என் அம்மா மாவடு ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைத்தறியாத என் தந்தையார் நள்ளிரவில் ஏணி போட்டு ஏறினார். ஏணிச் சத்தம் கேட்டு அம்மா விழித்துக்கொள்வார். ஆனால் ஏணியிலிருந்து விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் குரல் கொடுக்காமல் படுத்திருப்பார். ஒரு மாதம் இப்படிப் போன பிறகு ஜாடியை இறக்கிக் கூடத்தில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டார். மறு ஆண்டு மாவடு காலத்தில் வழக்கமாகப் போடுவதில் கால் பங்குதான் போட்டார். ஆடி மாதத்துக்குள் ஜாடி காலி. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பூட்டி வைப்பதற்கும் குறைவாக வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

இத்தனையும் செய்த பிறகும் அவர் வெளியில் தின்னக்கூடும். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் என்ன வருகிறது என்பது உங்கள் கையில்; வீதியில் அவர் வாய்க்குள் என்ன போகிறது என்பது ஐம்பத்தாறு வயது மனிதரான அவர் கையில். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் வீட்டில் இன்னும் செய்யப்படாமல் இருக்கிறது. சென்ற முறை வாய்வு என்று நினைத்து நான்கு மணி நேரத்தை இழந்தீர்கள். நெஞ்சு அடைப்போ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, காரணமில்லாத வேர்வையோ வந்தால் சோடாவைத் தேடாமல் 108-ஐ அழைப்பது என்று இன்றே மூவரும் பேசி வையுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த மருத்துவமனைக் குறிப்புகளையும் மாத்திரைச் சீட்டையும் ஒரே பையில் போட்டு, மகனுக்கும் தெரியும்படி ஒரே ஆணியில் மாட்டிவிடுங்கள். உங்களுக்கும் 51 வயது; உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவிக்கு 58 வயது, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற கந்த சஷ்டி விரதத்தின்போது காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தவர் சமையலறையிலேயே மயங்கி விழுந்தார். சர்க்கரை 48 என்றார்கள். அதற்குப் பிறகும் திருந்தவில்லை. காலை உணவு கிடையாது, மதியம் மூன்று மணிக்கு மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறார், இரவில் பேரக்குழந்தைகள் வைத்துவிட்டுப் போனதையும் வீணாக்கக் கூடாது என்று தின்கிறார். எத்தனை அறிவுரை சொன்னாலும் கேட்பதில்லை.

– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஐயா, காலை எட்டு மணிக்கு உங்கள் மனைவி எங்கே இருக்கிறார்? உங்களுக்கும் மகனுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் இட்லி வார்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்பார் என்று நினைக்கிறேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது என்ற ஏற்பாட்டில் மூன்று மணிச் சாப்பாடும் மிச்சம் மீதியும் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. இது அவருடைய உணவுப் பழக்கம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வீட்டின் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. காலையில் எட்டரைக்கு அவரை உட்காரவைத்து நீங்கள் இரண்டு இட்லியை எடுத்து வையுங்கள். குழந்தைகளுக்குப் பாதி அளவு பரிமாறி, கேட்டால் மறுபடி போடுங்கள். மிச்சம் வைப்பது நின்றால் மிச்சத்தைத் தின்பதும் நிற்கும். ஆசிரியராக இருந்தவருக்கு அறிவுரை சொல்வது எளிது, கரண்டியைப் பிடிப்பதுதான் சற்றுப் பழக வேண்டியிருக்கும்.

விரதத்தைப் பற்றி: சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுபவை. கிளிமிபிரைடு அந்த வகையைச் சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுக்கம், வேர்வை, தடுமாற்றம், மயக்கம் என்று போகும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அடுத்த விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, விரதம் இருக்கலாமா, இருந்தால் அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று கேளுங்கள். பாலும் பழமும் எடுத்துக்கொண்டு இருக்கும் விரதத்தை முருகன் ஏற்க மாட்டார் என்று யாரும் சொன்னதில்லை. மயக்கம் வருவதுபோல் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சிறிய பக்கவாதம் வந்து சரியாகிவிட்டது. ரத்தக்கொதிப்பு அதிகம் என்பதால் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கடலுப்புக்குப் பதில் இந்துப்பு போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அவர் வாதிடுகிறார். உண்மையா?

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்மையல்ல. இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு. போதாக்குறைக்கு, அதில் பெரும்பாலும் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பது வேறு பொருள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்தக்கொதிப்புக்கான சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் அது உடலில் பொட்டாசியத்தைக் கூட்டி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். எனவே மாத்திரைச் சீட்டைக் காட்டி மருத்துவர் சரி என்று சொல்லாமல் அதை வாங்க வேண்டாம். இருக்கிற உப்பையே குறைவாகப் போட்டு, அப்பளத்தையும் ஊறுகாயையும் வாரத்தில் ஒரு நாளைக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். எந்த நாள் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.